வரலாற்றுச் சுடுவிளையாட்டுகளில் குறிபார்த்தலின் மெய்ம்மை: காட்சித் துல்லியமும் போர்க்கள உறுதியின்மையும்

ஆய்வுச் சுருக்கம்

கடந்த காலப் போர்களைக் களமாகக் கொண்ட கணினிச் சுடுவிளையாட்டுகள், தம் துப்பாக்கிகள் வரலாற்றுக்கு உண்மையானவை எனக் கூறிக்கொள்கின்றன. அவ்வுண்மை பெரும்பாலும் துப்பாக்கியின் தோற்றம், ஒலி, குறிபார்க்கும் உறுப்புகள் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. குறிபார்த்தல் என்னும் செயலைக் கண், உடல், குண்டு, களம் என நான்கு கூறுகளாகப் பகுத்து ஆராயும் இக்கட்டுரை, முதற்கூற்றில் விளையாட்டுகள் பெரிதும் முன்னேறியுள்ளன என்றும், ஏனையவற்றில் ஆடுபவருக்கு அக்கால வீரர் எவரும் பெற்றிராத உறுதியை வழங்குகின்றன என்றும் காட்டுகிறது. இவ்வுறுதியே அக்காலப் போர்முறைகளின் காரணங்களை மறைத்துவிடுகிறது என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, தன்மைநோக்கு, குறிபார்த்தல், மெய்ம்மை, மஸ்கெட், ஒடுக்குச்சூடு, வரலாற்றுச் சித்திரிப்பு.

முன்னுரை

நெப்போலியன் காலப் போர்களையோ அமெரிக்க உள்நாட்டுப் போரையோ களமாகக் கொண்ட விளையாட்டை முதன்முறை ஆடுபவரிடம் இயல்பாக ஒரு வினா எழும். 'இவ்வீரர்கள் ஏன் திறந்த வெளியில் தோளோடு தோள் நின்று சுட்டார்கள்? மரத்தின் பின் மறைந்து ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்தியிருக்கலாமே?' என்பதே அவ்வினா. அக்காலத் தளபதிகள் அறிவற்றவர்கள் என்ற விடையையும் அவர் தாமே வருவித்துக்கொள்வார். வகுப்பறையில் வரலாறு கற்பதற்கு முன்பே கணினித் திரையில் அதனைச் சந்திக்கும் தலைமுறை உருவாகிவிட்ட நிலையில், இவ்விடை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்வது தேவையாகிறது.

'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' என வழங்கும் விளையாட்டு வகை இக்கட்டுரையில் 'தன்மைநோக்குச் சுடுவிளையாட்டு' எனக் குறிக்கப்பெறுகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இலக்கணப் பாகுபாட்டில் பேசுபவரைக் குறிப்பது தன்மை. இவ்வகை விளையாட்டிலும் ஆடுபவர் வீரனை வெளியே நின்று காண்பதில்லை. வீரனின் கண்ணாகவே களத்தைக் காண்கிறார். எனவே துப்பாக்கியைக் குறிபார்க்கும் செயலே ஆடுபவருக்கும் கடந்த காலத்துக்கும் இடையிலான முதன்மைத் தொடர்பாகிறது.

வரலாற்று விளையாட்டுகளை ஆராய்ந்த ஆடம் சாப்மன் தம் 2016ஆம் ஆண்டு நூலில், கடந்த காலம் எவ்வாறு தோன்றியது என்பதைக் காட்ட முயலும் மெய்ம்மைப் போலாக்கத்தையும், அது எவ்வாறு இயங்கியது என்பதை விதிகளின் வழி உணர்த்தும் கருத்துநிலைப் போலாக்கத்தையும் வேறுபடுத்துகிறார். இப்பகுப்பை அடிப்படையாகக் கொண்டு, விளையாட்டுகளை ஆடிக் காணல், துப்பாக்கிகளின் அமைப்பு விவரங்களோடு ஒப்பிடல், எளிய இயற்பியல் கணக்கீடு ஆகிய முறைகளில் இவ்வாய்வு நிகழ்த்தப்பெற்றுள்ளது.

திரைக்குறியிலிருந்து துப்பாக்கிக் குறிக்கு

இரண்டாம் உலகப் போரின் சாயல் கொண்ட 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' (1992) விளையாட்டில் குறிபார்த்தல் என்று தனிச்செயல் இல்லை. துப்பாக்கி திரையின் அடிப்பகுதி நடுவில் வரையப்பட்டிருக்கும். ஆடுபவர் திரும்பும் திசையே குறி. பின்வந்த விளையாட்டுகள் திரையின் மையத்தில் கூட்டல் வடிவக் குறியை வைத்தன. நார்மண்டித் தரையிறக்கத்தைச் சித்திரித்துப் புகழ்பெற்ற 'மெடல் ஆஃப் ஹானர்: அலைடு அசால்ட்' (2002) இம்முறையையே பின்பற்றியது. இத்திரைக்குறி துப்பாக்கியைச் சார்ந்ததன்று. கண்ணாடித் திரையில் ஒட்டிய அடையாளம் போன்றது.

'கால் ஆஃப் டியூட்டி' (2003) துப்பாக்கியைக் கண்ணருகே உயர்த்தி அதன் சொந்தக் குறி உறுப்புகளின் வழியே பார்க்கும் முறையைப் பெருந்திரளான ஆடுநர்களிடம் கொண்டுசேர்த்தது. குழலின் முனையில் உள்ள முன்குறியையும் கண்ணுக்கு அண்மையில் உள்ள பின்குறியையும் இலக்கோடு ஒரே கோட்டில் நிறுத்துவதே இம்முறை. இடுப்பருகே வைத்துச் சுட்டால் குண்டுகள் ஒரு கூம்புப் பரப்புக்குள் சிதறும். உயர்த்திக் குறிபார்த்தால் அக்கூம்பு மிகக் குறுகிவிடும். கிழக்குப் போர்முனையைக் களமாகக் கொண்ட 'ரெட் ஆர்கெஸ்ட்ரா: ஆஸ்ட்ஃபிரன்ட் 41-45' (2006) மேலும் ஒரு படி சென்று, திரைக்குறியை அறவே நீக்கியது, ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் ஆடுபவரே தாழ்ப்பாளை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றவேண்டும் என்றும் விதித்தது.

இம்மாற்றங்களைக் காண்போர், குறிபார்த்தல் படிப்படியாக மெய்ம்மையை நெருங்கி வந்துள்ளது என்று கருதுவது இயல்பு. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை நான்கு கூறுகளின் வழி இனிக் காணலாம்.

கண்: ஒரே நேரத்தில் மூன்று தொலைவு

மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காணும். பின்குறி கண்ணுக்கு அருகிலும், முன்குறி சற்று அப்பாலும், இலக்கு நெடுந்தொலைவிலும் இருப்பதால் மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதில்லை. முன்குறியைத் தெளிவாக நோக்கி, இலக்கு சற்று மங்கலாக இருப்பதை ஏற்றுக்கொள்வதே சுடுபயிற்சியின் அடிப்படைப் பாடம். விளையாட்டுகளிலோ முன்குறியும் இலக்கும் ஒருசேரக் கூர்மையாகத் தெரிகின்றன. மிஞ்சினால் பின்குறி மட்டும் மங்கலாக்கப்படுகிறது.

துளைவடிவப் பின்குறியிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. அமெரிக்கப் படையின் எம்1 காரண்ட், பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்டு நான்காம் எண் ஆகிய துப்பாக்கிகளில் சிறுதுளை வழியே நோக்கவேண்டும். கண் துளைக்கு மிக அருகில் இருக்கும்போது அதன் விளிம்பு ஏறத்தாழ மறைந்து மெல்லிய நிழலாகிவிடும். திரையில் அது கனத்த இரும்பு வளையமாக வரையப்பட்டுக் களத்தின் ஒரு பகுதியை மறைத்து நிற்கிறது. இங்கு விளையாட்டு மெய்ம்மையை எளிதாக்கவில்லை; கடினமாக்குகிறது.

மெய்ம்மைக்கு முரணெனத் தோன்றும் ஓர் அமைப்பு உண்மையில் மெய்ம்மைக்குத் துணைசெய்வதும் உண்டு. குறிபார்க்கும்போது காட்சி சற்றுப் பெரிதாகும் அமைப்பை 'வெறுங்கண்ணுக்கு உருப்பெருக்கம் ஏது' என்று பலர் குறைகூறுவர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 1920 படப்புள்ளி அகலமுள்ள திரையில் 90 பாகைப் பார்வைக்கோணம் காட்டப்படும்போது, 300 மீட்டர் தொலைவில் நிற்கும் 1.7 மீட்டர் உயர மனிதன் திரையின் மையத்தில் ஏறத்தாழ 5 படப்புள்ளி உயரமே பெறுவான். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவைப் பிரித்தறியும்; அதே மனிதன் அக்கண்ணுக்கு 19 அலகு உயரத்தில் தெரிவான். அதாவது திரை கண்ணைவிட மூன்று நான்கு மடங்கு பார்வைக் குறைவுடையது. குறிபார்க்கும்போது நிகழும் உருப்பெருக்கம் இழந்த பார்வையை ஓரளவு மீட்டுத் தருகிறது. ஆகவே ஓர் அமைப்பு துப்பாக்கியில் இருந்ததா என்ற வினா மட்டும் மெய்ம்மையை முடிவுசெய்யப் போதாது; அது வீரனின் இயலுமைக்கு ஆடுபவரை நெருக்குகிறதா விலக்குகிறதா என்றும் வினவ வேண்டும்.

உடல்: சுட்டிக்கு எடையில்லை

காரண்ட் துப்பாக்கி 4 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையது. செருமானியரின் எம்ஜி 42 எந்திரத்துப்பாக்கி 11 கிலோவைத் தாண்டும். இவ்வெடையைத் தாங்கும் தோள், மூச்சினால் ஏறி இறங்கும் மார்பு, ஓடிவந்தபின் அதிரும் நாடி, விசையை அழுத்தும்போது தன்னையறியாமல் துப்பாக்கியை அசைத்துவிடும் விரல் ஆகிய அனைத்தும் குறிபார்த்தலின் பகுதிகள். திரையின் முன் அமர்ந்திருப்பவர் அசைப்பதோ மிகக் குறைந்த எடையுள்ள சுட்டியை.

இவ்விடைவெளியை நிரப்ப விளையாட்டுகள் செயற்கை அசைவை அமைக்கின்றன. 'ரெட் ஆர்கெஸ்ட்ரா 2: ஹீரோஸ் ஆஃப் ஸ்டாலின்கிராட்' (2011) விளையாட்டில் குறிபார்க்கும்போது துப்பாக்கி மெல்ல அலையும், மூச்சை அடக்கினால் சிறிது நேரம் நிலைப்படும், சுவர் முதலியவற்றில் சாய்த்தால் மேலும் உறுதிபெறும். இம்முயற்சி பாராட்டத்தக்கதே. எனினும் இவ்வசைவு ஆடுபவரின் உடலிலிருந்து பிறப்பதன்று. நிரல் அவர்மீது சுமத்துவது. அசைவின் ஒழுங்கை அறிந்துகொண்ட ஆடுபவர் சில நாட்களில் அதனைச் சுட்டியால் ஈடுசெய்யப் பழகிவிடுகிறார். போர்க்களத்தில் அச்சமும் களைப்பும் பழகப் பழக இவ்வாறு சரிசெய்யக்கூடியனவாக இருக்கவில்லை.

குண்டு: வளைபாதையும் தொலைவு மதிப்பீடும்

விசையை அழுத்திய கணமே திரையின் மையத்திலிருந்து ஒரு நேர்கோட்டை வரைந்து, அக்கோடு எதைத் தொடுகிறதோ அதனைத் தாக்கியதாகக் கொள்வது பல விளையாட்டுகளின் எளிய முறை. இதில் குண்டுக்குப் பயண நேரம் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் களங்களின் குறுந்தொலைவில் இது பெரும் பிழையன்று. நொடிக்கு ஏறத்தாழ 760 மீட்டர் விரைவில் புறப்படும் செருமானியரின் கார்98கே துப்பாக்கிக் குண்டு 100 மீட்டரில் 10 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வீழும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் சென்றால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெருவழக்காக இருந்த 1861ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் சுழல்பள்ளங்கள் உண்டு. அதன் பின்குறியை 100, 300, 500 கஜத் தொலைவுகளுக்கு மாற்றி அமைக்கலாம். ஆனால் குண்டின் விரைவு நொடிக்கு 290 மீட்டர் அளவே. காற்றின் தடையைப் புறக்கணித்துக் கணக்கிட்டாலும், 300 கஜம் செல்வதற்குள் அக்குண்டு 4 மீட்டருக்கும் மேல் வீழும். அதனை ஈடுசெய்யக் குழல் உயர்த்தப்படுவதால், பாதி வழியில் குண்டு பார்வைக் கோட்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் உயரத்தில் பறக்கும். பின்குறியை 300 கஜத்துக்கு அமைத்துவிட்டு 150 கஜத்தில் நிற்பவனின் இடையைக் குறிபார்த்தால் குண்டு அவன் தலைக்கு மேலாகச் சென்றுவிடும். தொலைவை மதிப்பிடத் தெரியாதவனுக்கு அத்துப்பாக்கியின் துல்லியத்தால் பயனில்லை. பிரித்தானியப் படை 1853இல் ஹைத் என்னுமிடத்தில் சுடுபயிற்சிப் பள்ளி நிறுவித் தொலைவு மதிப்பீட்டைப் பாடமாக்கியதற்கு இதுவே காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களுள் பெரும்பாலோர்க்கு அப்பயிற்சி கிட்டவில்லை. ஏர்ல் ஹெஸ் தம் 2008ஆம் ஆண்டு நூலில், புதிய துப்பாக்கி போர்முறையைப் புரட்சிகரமாக மாற்றியது என்ற பழைய கருத்தை மறுக்கும்போது குண்டின் இவ்வளைபாதையையும் ஒரு சான்றாகக் கொள்கிறார்.

முதல் உலகப் போர்த் துப்பாக்கிகளிலும் இச்சிக்கல் உண்டு. செருமானியரின் கெவேர் 98 துப்பாக்கியின் பின்குறி 400 மீட்டருக்குக் குறைவாக இறங்காது. 100 மீட்டரில் உள்ளவனைச் சுட இலக்கின் கீழ்ப்பகுதியைக் குறிபார்க்க வேண்டும். இந்தியக் காவல் துறைகளில் நெடுங்காலம் '303' என வழங்கிய லீ-என்ஃபீல்டு குடும்பத்தின் முந்தைய வகைகளில், 2,800 கஜம் வரை அளவிட்ட தனிக் குறியும் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. அத்தொலைவில் தனிமனிதனைக் காண்பதே அரிது. ஒரு படைப்பிரிவு முழுவதும் கூட்டாகச் சுட்டு ஒரு பரப்பில் குண்டுமழை பொழியவே அவ்வமைப்பு. துப்பாக்கியின் குறி உறுப்பே ஒரு போர்க்கொள்கையின் பதிவாக நிற்கிறது. விளையாட்டில் அவ்வுறுப்பு அழகுற வரையப்படுகிறது. அதற்குரிய பயன் மட்டும் இல்லை.

மெய்ம்மையிலிருந்து வேண்டுமென்றே விலகும் விதிகளும் உள்ளன. 'பேட்டில்ஃபீல்டு 1' (2016) விளையாட்டில் தாழ்ப்பாள் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்டதொரு தொலைவு வரம்பு உண்டு. அவ்வரம்புக்குள் மார்பில் பட்ட ஒரே குண்டு எதிரியை வீழ்த்தும். அதனினும் அருகில் பட்டால் வீழ்த்தாமலும் போகலாம். உண்மைக் குண்டு தொலைவு செல்லச் செல்ல ஆற்றலை இழக்குமேயன்றிப் பெறாது. துப்பாக்கிகளுக்கிடையே சமநிலை காத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்த பயன்பாடு தரவே இவ்விதி வகுக்கப்பட்டது. ஆட்டத்தின் நேர்மை வரலாற்றின் மெய்ம்மையை வெல்வதற்கு இது தெளிவான சான்று.

களம்: உறுதியின்மையே போர்முறையின் வேர்

இனி முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். 'பிரவுன் பெஸ்' எனப்பட்ட பிரித்தானிய மஸ்கெட்டின் குழல் விட்டம் 0.75 அங்குலம், அதில் இடும் ஈயக்குண்டோ 0.69 அங்குல அளவினது. வெடிமருந்துக் கரி படிந்த பின்னும் விரைந்து நிரப்புவதற்காகவே இவ்விடைவெளி விடப்பட்டது. அதனால் குண்டு குழலின் சுவரில் மோதியவாறே வெளியேறும். கடைசியாக எப்பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசை மாறும். பின்குறியே இல்லாத துப்பாக்கி அது. துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்தும் சிறுமுளையே முன்குறியாகவும் பயன்பட்டது. விசையை அழுத்தியபின் தீக்கல் பொறியால் கிண்ணத்து மருந்து பற்றி, அத்தீ குழலுக்குள் சென்று குண்டு புறப்படச் சற்று நேரம் பிடிக்கும். முதல் சூட்டிலேயே வெண்புகை எழுந்து இலக்கை மறைக்கும். 1814இல் வெளியான தம் நூலில் படைத்தலைவர் ஜார்ஜ் ஹேங்கர், 200 கஜத்தில் ஒருவனைக் குறிவைத்து மஸ்கெட்டால் சுடுவது வீண் என்று எழுதினார்.

இங்குச் சிதறல் துப்பாக்கியின் உள்ளேயே இருக்கிறது; சுடுபவரின் திறமையால் அதனை நீக்க இயலாது. அதனால்தான் பல நூறு துப்பாக்கிகளை ஒரே திசையில் ஒரே நேரத்தில் சுடவைத்து, தனி உறுதியின்மையைக் கூட்டு நிகழ்தகவாக மாற்றினர். வரிசையாக நின்றது அறிவின்மையன்று. கையில் இருந்த கருவிக்கேற்ற விடை. கட்டளையின் குரல் எட்டவும், கலைந்தோடாமல் ஒருவருக்கொருவர் துணையாகவும், குதிரைப்படையை எதிர்த்து நிற்கவும் அவ்வரிசையே உதவியது. உயர்த்திக் குறிபார்த்தால் கூம்பு குறுகிவிடும் என்ற விதியை மஸ்கெட்டுக்கும் பொருத்தும் விளையாட்டில் இக்காரணம் மறைந்துபோகிறது. துல்லியமாகச் சுடும் ஒருவர் புதரின் பின்னிருந்து வரிசையையே வீழ்த்தலாம் என்றாகிவிட, அக்காலப் போர்முறை அறிவீனமாகத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதன் வேறொரு வடிவம் உண்டு. முதல் உலகப் போரில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் முதன்மைக் காரணம் பீரங்கியே. துப்பாக்கிக் குறி அன்று. இரண்டாம் உலகப் போரின் காலாட்படை வீரர் சுட்ட குண்டுகளுள் பெரும்பகுதி கண்ணால் கண்ட மனிதரை நோக்கியன்று. எதிரி தலைதூக்காதவாறு தடுக்கும் ஒடுக்குச்சூடாகவே அமைந்தது. வீரர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் சுடுவதில்லை என்று எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் கூறியது பின்னர் சான்றற்றது எனக் கடுமையாக மறுக்கப்பட்டது. ஆனால் எதிரியைக் காண்பதே அரிதான வெற்றுக்களமாக நவீனப் போர்க்களம் இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. விளையாட்டிலோ இலக்கு எப்போதும் கண்முன் வந்து நிற்கிறது.

இவ்விடைவெளியை உணர்ந்து, குறி உறுப்புகளுக்கு அப்பால் விதிகளை அமைத்த விளையாட்டுகளும் உள்ளன. 'ரெட் ஆர்கெஸ்ட்ரா 2' விளையாட்டில் அருகே குண்டுகள் பறந்தால் ஆடுபவரின் பார்வை மங்கிக் குறி தடுமாறும். படாத குண்டுக்கும் பயன் உண்டாகிறது. 1862ஆம் ஆண்டு மேரிலாந்துப் போரைச் சித்திரிக்கும் 'வார் ஆஃப் ரைட்ஸ்' விளையாட்டில், அணியை விட்டு விலகி நின்று இறப்பவரால் அவர் தரப்பின் மனவலிமைக் கணக்கு மிகுதியாகக் குறையும். உண்மையில் அத்தகைய எண்கணக்கு எப்படையிலும் இருந்ததில்லை. எனினும் வீரன் அணியில் நின்றதற்கான காரணத்தை இப்பொய்க் கணக்கு ஆடுபவருக்கு உணர்த்துகிறது. சாப்மன் கூறும் கருத்துநிலைப் போலாக்கம் மெய்ம்மைப் போலாக்கத்தின் குறையை நிரப்பும் இடம் இதுவே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. குறிபார்த்தலின் காட்சிக்கூறு இருபதாண்டுகளில் பெருவளர்ச்சி பெற்றுள்ளது. உடற்கூறு செயற்கை அசைவாக மட்டுமே இடம்பெறுகிறது. குண்டின் இயக்கம் குறுந்தொலைவுக் களங்களாலும் ஆட்டச் சமநிலையாலும் எளிமையாக்கப்படுகிறது. களத்தின் உறுதியின்மை பெரும்பாலும் விலக்கப்படுகிறது. அதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடன்று. சரியாகக் குறிபார்த்தும் தவறும் குண்டை ஆடுபவர் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே கொள்வார். திறமைக்குப் பயன் கிட்டவேண்டும் என்பது விளையாட்டின் அறம். திறமைக்கும் பயனுக்கும் தொடர்பற்றுப் போனதே அக்காலப் போர்க்களத்தின் இயல்பு.

எனவே ஒரு விளையாட்டின் வரலாற்று மெய்ம்மையை மதிப்பிடும் ஆய்வாளர், துப்பாக்கியின் குறி உறுப்பு சரியாக வரையப்பட்டுள்ளதா என்பதோடு நிறைவடையலாகாது. அத்துப்பாக்கியை ஏந்தியவர் எதை அறியாதிருந்தார், எது அவர் கையில் இல்லை என்பதை அவ்விளையாட்டு உணர்த்துகிறதா என்றும் காணவேண்டும். வகுப்பறையில் மாணவர் இவ்விளையாட்டுகளைச் சான்றாகக் காட்டும்போது அவற்றைப் புறந்தள்ளுவதைவிட, 'இக்குண்டு ஏன் தவறவில்லை?' என்று வினவத் தூண்டுவது பயனுடையதாகும். வரிசையில் நின்று மாண்டவர்களை அறிவற்றவர்கள் என்று இகழாமல், அவர்கள் நின்ற நிலையை அறிந்துகொள்ள அவ்வினா வழிவகுக்கும்.